பதினொரு சட்டை நேரம்

நீராவியின் பெருமையை உலகத்துக்கு முழுமையாக எடுத்துச் சொல்வதற்கென்றே ஒரே ஒரு மனிதர் பிறந்திருந்தார். கப்பலை ஓட்டியது, ரயிலை இழுத்தது, நாடுகளை எழுப்பியது, அரசுகளைக் கவிழ்த்தது எல்லாமே நீராவிதான் என்பது அவர் கட்சி. அந்த மனிதரின் தலைமை அலுவலகம் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில், எட்டடிக்கு ஆறடியில் இருந்தது. அவசரத்தில் நிமிர்ந்துவிட்டால் ஏழாவது படி தலையில் இடிக்கும். நீராவி என்று அவர் சொன்னது, மூடியில் ஊசியால் துளை போட்ட ஒரு பழைய பாட்டில் தண்ணீரையும், அதைத் தெளித்த துணிமேல் வைக்கிற ஒரு இஸ்திரிப் பெட்டியையும்தான்.

வாசலில் பலகை மாட்டியிருந்தார். ‘நவீன நீராவி இஸ்திரி நிலையம். சூடு ஆறும் முன் உங்கள் வாசலில்.’ மாஸ்டர் என்ற பட்டத்தையும் அவரேதான் தனக்குக் கொடுத்துக்கொண்டார். அவரிடம் தொழில் கற்றவர் என்று இன்றுவரை யாரும் இல்லை. ஆனாலும் குடியிருப்பில் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

தொழிலைக் குறை சொல்ல முடியாது. காலரை முனையிலிருந்து நடுவுக்குத் தேய்ப்பார். கையில் இரட்டை மடிப்பு விழாது. பட்டனைச் சுற்றிப் பெட்டியின் மூக்கு போகிற நேர்த்தியைப் பார்த்தால், தையல்காரன்கூட ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவான். ஒரு சட்டைக்கு மூன்றரை நிமிடம். கூடாது, குறையாது. கடையில் கடிகாரம் கிடையாது. மாஸ்டரின் உலகத்தில் பொழுது சட்டைக் கணக்கில்தான் நகர்ந்தது. டீ கொதிக்க ஒரு சட்டை. முட்டை வேக மூன்று சட்டை. அவர் மனைவி தேய்த்த துணியை ஐந்து மாடியும் ஏறிக் கொடுத்துவிட்டு அழுக்குத் துணியை வாங்கிக்கொண்டு இறங்கி வர நான்கு சட்டை.

நான்கு என்பது கல்யாணமான புதிதில். பிறகு ஐந்தானது, ஆறானது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஏழானது.

ஏழான அன்றுதான் மாஸ்டர் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். காரணம் சுலபம். அவள் நேராக ஏறி நேராக இறங்குவதில்லை. மாடிக்கு மாடி யாராவது ஒருவர் வீட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். கீழே பெட்டியைத் தள்ளிக்கொண்டிருக்கிற மாஸ்டர் காதில், படிக்கட்டின் நடுக்குழி வழியாகப் பேச்சுச் சத்தம் இறங்கி வரும். என்ன பேச்சு என்று கேட்காது. பேச்சு என்று மட்டும் கேட்கும்.

“ஒன்பது சட்டை,” என்றார் மாஸ்டர் தலையைத் தூக்காமல். போன குளிர்காலத்தில் ஒருநாள் காலை. வெளியே பனி இன்னும் விலகவில்லை. வண்டிக்காரர்கள் பகலிலும் விளக்குப் போட்டு ஓட்டினார்கள்.

அவள் துணி மூட்டையை இறக்கிவைத்து அதன்மேலேயே உட்கார்ந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டாள். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறி ஏறி இறங்கின.

“அஞ்சு மாடிச் சேதியும் வாசிச்சு முடிச்சாச்சா?”

கொஞ்சம் இருங்கள் என்று கையால் காட்டினாள்.

“பாரு. மேல பேசித் தீர்த்துட்டு வந்தா கீழ பேச எங்கேருந்து வார்த்தை வரும்? ஊருக்கெல்லாம் பாடுற ரேடியோ. புருஷன் காதுக்கு மட்டும் கொர்ர்ருனு சத்தம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. சளி இல்லாத, காய்ந்த இருமல். முடிகிற மாதிரி போய் மறுபடி ஆரம்பித்தது.

“நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்திருக்கிற மாதிரி இருக்குங்க.”

“யாரு?”

“தெரிஞ்சா எந்திரிச்சுப் போன்னு சொல்ல மாட்டேனா?”

“பேசாத. பேசிப் பேசித்தான் காத்தெல்லாம் தீர்ந்துபோச்சு. இப்படி வா.”

இந்த இடத்தில்தான் நீராவி மேடைக்கு வரும். மாஸ்டர் ஒரு பழைய துண்டை நனைத்து மடித்துப் பலகையில் வைத்து, அதன்மேல் பெட்டியை அழுத்துவார். புஸ்ஸென்று எழும்புகிற ஆவியில் அவள் முகத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு துண்டு, இரண்டு துண்டு, தேவைப்பட்டால் மூன்று. ஊரில் இருமல் வந்தவனெல்லாம் வெந்நீர் வைத்துப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிக்கிறான். நாள் முழுக்க ஆவியிலேயே குடித்தனம் நடத்துகிறவளுக்கு மூச்சுக் கோளாறு வருமா? வரவே வராது என்பது மாஸ்டரின் தீர்ப்பு. வந்தாலும் தங்காது.

தங்கவும் இல்லை. எட்டு சட்டை தேய்ப்பதற்குள் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் தெளிந்தது. ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றாள். மாஸ்டர் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

“எப்படி?”

“சரியாயிருச்சுங்க.”

“டாக்டர்கிட்ட போயிருந்தா இந்நேரம் உன்னைப் படுக்க வச்சிருப்பான்.”

மகள் செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மற்றவர்கள் காலடியில் குனிந்து உட்கார்ந்து அளவு பார்க்கிற வேலை. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் யாருக்கும் குனிய மாட்டாள். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய ஒற்றை அறையில், சாப்பிடும்போது ஒருநாள் ஆரம்பித்தாள்.

“அம்மாவுக்கு மூச்சு வாங்குதுப்பா.”

“மாடி ஏறினா யாருக்குத்தான் வாங்காது?”

“ஏறும்போது வாங்கினா பரவால்ல. ஏறி நின்ன பிறகுதான் அதிகமாகுது. நேத்து பின்னாலயே போய்ப் பாத்தேன். நெஞ்சுக்குள்ள விசில் அடிக்குது.”

“உடம்பு போட்டிருக்கா. அதான்.”

“எங்க போட்டிருக்கு? ரவிக்கையெல்லாம் பிடிச்சுத் தைக்கிறாங்க.”

“அப்ப உடம்பு இளைச்சிருக்கா. அதான்,” என்றார் மாஸ்டர்.

அம்மா இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். “வெயில் வந்தா சரியாயிடும்டி. குளிர்க்காத்து உள்ள போனாத்தான் இறுக்குது. போன வருசமும் இப்படித்தான்.”

“போன வருசம் டாக்டர்கிட்ட போனியா?”

“அதான் சரியாயிருச்சே.”

வெயில் வந்தது. கொஞ்சம் சரியும் ஆனது. ஒன்பது சட்டை ஏழரையானது. மாஸ்டர் அதையும் தன் கண்டிப்புக்குக் கிடைத்த வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த வெயில் காலத்தில்தான் மாஸ்டர் வாழ்க்கையில் முதன்முதலாகக் கைதட்டு வாங்கினார். குடியிருப்பில் லிப்ட் ஒன்று உண்டு. ‘குடியிருப்போருக்கு மட்டும்’ என்று அதில் எழுதி ஒட்டியிருந்தவர் ஐந்தாம் மாடியில் இருக்கிற குடியிருப்புச் சங்கச் செயலாளர். ஏதோ ஒரு அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரே தவிர, கை இன்னும் குத்திக்கொண்டேயிருந்தது. சங்கத்துக்கென்று புதிதாக ஒன்று செய்து வைத்துக்கொண்டு, தண்ணீர் வராத அறிவிப்பில்கூட மூன்று இடத்தில் குத்துவார். அவர் கூட்டிய கூட்டத்தில் மூன்றாம் மாடி நர்ஸ் எழுந்து, இஸ்திரிக்கார அம்மாவை லிப்டில் போக விட வேண்டும் என்றாள். “படி ஏறினா அந்தம்மாவுக்கு இளைக்குது. அது சாதாரண இளைப்பு மாதிரி தெரியல,” என்றாள்.

நாற்காலி எடுத்துப் போட வந்து ஓரமாக நின்றிருந்த மாஸ்டருக்குச் சுருக்கென்றது. எல்லோர் முன்னாலும் தன் மனைவியை இளைத்தவள் என்று சொல்வதா? ஒரு அடி முன்னால் வந்தார்.

“எங்களுக்கு எதுக்குங்க லிப்ட்? உழைக்கிற காலு. என் சம்சாரம் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஏறி இறங்குவா. இரும்புங்க அவ. லிப்டுல ஏத்திவிட்டா இன்னும் ரெண்டு பேர் கிடைச்சாங்கன்னு அதுக்குள்ளயும் நின்னு பேச்சுக் கச்சேரி வைப்பா. துணி ஆறிடும்.”

கூட்டம் சிரித்தது. பிறகு கைதட்டியது. செயலாளர் “உழைப்பின் பெருமை” என்று ஒரு பத்து நிமிடம் பேசி, அதைக் குறிப்பேட்டில் எழுதி, முத்திரை குத்தினார். மாஸ்டர் அன்று முழுக்க நிமிர்ந்தே நடந்தார். கடைக்குள் வந்ததும் ஏழாவது படி தலையில் இடித்தது.

அடுத்த குளிர் சீக்கிரமே வந்தது. காற்று கத்தி மாதிரி இருந்தது. காயப்போட்ட துணி விறைத்து நின்றது. பத்து சட்டை. அந்த வாரக் கடைசியில் பதினொன்று. பதினொரு சட்டை நேரத்தில் அடியில் இருக்கிற துணி மட்டுமல்ல, மேலே இருக்கிறதும் ஆறித்தான் போகும். பலகையில் எழுதிய வாக்கு பொய்யாகிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் வந்து “என்ன மாஸ்டர், சூடே காணோம்?” என்று கேட்டுவிட்டார்கள். ஒருவர் வேடிக்கைக்குத்தான் கேட்டார். மாஸ்டருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழா நாள். எல்லா வீட்டிலும் நல்ல துணி எடுத்துவிட்டார்கள். விடிந்ததிலிருந்து அவள் இரண்டு நடை போய் வந்துவிட்டாள். இரண்டாவது நடை முடிந்து மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு சட்டைகூட ஆகவில்லை. மேலேயிருந்து படிக்கட்டுக் குழி வழியாகச் செயலாளர் குரல் இறங்கியது.

“மாஸ்டர்! கோட்டு!”

தயாராகத்தான் இருந்தது. கறுப்புக் கோட்டு. வருடத்துக்கு ஒருமுறை வெளியே வருவது. தோளில் பளபளப்பு விழாமல் துணி போட்டுத் தேய்த்து, மாஸ்டர் அதைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கினார்.

“கொஞ்சம் பொறுத்துப் போறேங்க,” என்றாள் அவள்.

“அவர் மேடை ஏறணும்.”

“ஒரு சட்டை நேரம்.”

“உனக்கு ஒரு சட்டைன்னா எனக்குத் தெரியாதா? அதுல ரேடியோ வேற. நேரா போ, நேரா வா. கோட்டு ஆறிடும்.”

அவள் எழுந்தாள். கோட்டு கசங்காமல் இரண்டு முன்கையிலும் ஏந்திக்கொண்டாள். அதனால் கைப்பிடியைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை.

மாஸ்டர் தேய்த்தார். அன்று படிக்கட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. சொன்னதைக் கேட்டுவிட்டாள் என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது. ஆறாவது சட்டையில் எட்டிப் பார்த்தார். ஒன்பதாவது சட்டையில் திட்டினார். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது சட்டையின் காலரைத் தேய்க்கும்போது, நான்காம் மாடியிலிருந்து ஒரு பெண் அலறினாள்.

ஐம்பத்தாறு படி ஏறினால் நான்காம் மாடித் திருப்பம். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. உதடு நீலமாகியிருந்தது. கோட்டு கைப்பிடிமேல் விரித்துப் போடப்பட்டிருந்தது. ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

மருத்துவமனை பக்கத்தில்தான். குடியிருப்பின் லிப்டில்தான் அவளை இறக்கினார்கள். உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. கதவு திறந்தபோது இளவயது டாக்டர் ஒருத்தி வந்து, மாஸ்டரையும் செருப்புக் கடையிலிருந்து ஓடி வந்திருந்த மகளையும் ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னாள். உட்காரச் சொல்கிற விதத்திலேயே மகளுக்குத் தெரிந்துவிட்டது. மாஸ்டருக்குச் சொன்ன பிறகும் தெரியவில்லை.

“இதுக்கு முன்னால இப்படி வந்திருக்கா? படி ஏறினா, வேகமா வேலை செஞ்சா இருமல்? நெஞ்சு இறுக்கம்?”

“வரும். ஆவி குடுப்பேன், சரியாயிடும்.”

“எவ்வளவு நேரத்துல சரியாகும்?”

“எட்டு சட்டை.”

டாக்டர் மகளைப் பார்த்தாள்.

“அப்பா நேரத்தைச் சொல்றாரு. ஒரு சட்டை மூணரை நிமிசம்.” மகள் குரல் ஒரே மட்டத்தில் இருந்தது.

“எத்தனை நாளா இருக்கு இது?”

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தொழில் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னார். “அஞ்சு மாடி ஏறி இறங்க ஆரம்பத்துல நாலு சட்டை. அப்புறம் ஆறு. முந்தின குளிருக்கு ஏழு. போன குளிருக்கு ஒன்பது. வெயில்ல ஏழரை. இந்தக் குளிருக்குப் பத்து. கடைசியாப் பதினொண்ணு.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். “இவ்வளவு துல்லியமா யாருமே எனக்குச் சொன்னதில்ல,” என்றாள்.

அதைப் பாராட்டு என்று நினைத்து மாஸ்டர் ஒரு விநாடி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு விநாடிதான். பிறகு அவர் நிமிர்ந்ததை அவரே பார்த்துவிட்டார்.

“ஆஸ்துமாவா இருந்திருக்கலாம்,” என்றாள் டாக்டர். “இனிமே உறுதியாச் சொல்ல முடியாது. சில பேருக்கு உடம்பு வேலை செஞ்சா மூச்சுக்குழாய் சுருங்கும். குளிர்ல அதிகம். நின்ன பிறகும் கொஞ்ச நேரம் ஏறிட்டே போகும். உக்காந்தா அரைமணியில தானா இறங்கும். அதனால யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல. ஒரு குழாயில ஊதச் சொல்லிப் பாத்திருப்போம். பத்து நிமிசம்தான். ஏறுறதுக்கு முன்னால உறிஞ்சுறதுக்கு மருந்து இருக்கு.”

பத்து நிமிடம். மாஸ்டர் தன்னை அறியாமலே கணக்குப் போட்டார். மூன்று சட்டை.

“அந்த ஆவி,” என்றார்.

“உக்கார வச்சீங்களே, அது நல்லது,” என்றாள்.

கடை பத்து நாள் அடைத்துக் கிடந்தது. பதினோராம் நாள் மகள் திறந்தாள். “வீட்டுக்குள்ள உக்காந்து சுவரையே பாத்துட்டு இருந்தா சுவரு என்ன பண்ணும்?” என்று கேட்டாள். அந்தப் பத்து நாளும் சேர்த்து அவள் பேசியது மொத்தமாக அவ்வளவுதான். வேலைக்குப் போகும் முன் பெட்டியைச் சூடாக்கி வைத்துவிட்டுப் போனாள்.

மாஸ்டர் தேய்த்தார். மதியம் துணி அடுக்கு வயிற்றளவு வந்தது. யாரைக் கூப்பிட்டுக் கொடுப்பது என்று திரும்பியவர், அப்படியே நின்றார். பிறகு தானே மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். இருபத்தாறு வருடத்தில் அந்தப் படியில் துணியோடு அவர் ஏறுவது அதுதான் முதல் தடவை.

முதல் மாடியில், அக்காளோடு வீட்டு வழக்கு நடத்துகிற அம்மாள் கதவைத் திறந்தாள். கண் கலங்கினாள்.

“தினமும் வருமே மாஸ்டர். ‘அந்தக் கேஸ் என்னக்கா ஆச்சு’ன்னு கேக்கும். நானும் முதல்லேருந்து சொல்லுவேன்.”

“அவ ரொம்பப் பேசுவாளோ?” தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்கிற தொனியில் மாஸ்டர் கேட்டார்.

“அது எங்க பேசுச்சு? நான்தான் பேசுவேன். அது நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். நான் நிறுத்தினா, ‘அப்புறம்?’னு ஒரு வார்த்தை. உங்களைப் பத்திக் கேட்டாக்கூட, ‘அவரு நல்லாப் பேசுவாரு’ன்னு அதோட முடிச்சுக்கும்.”

இரண்டாம் மாடியில் ஓய்வு பெற்ற லாரி டிரைவர். கால் வீங்கி நாற்காலியிலேயே இருக்கிறவர்.

“வாய்யா மாஸ்டர். மலை இறக்கத்துல எனக்கு பிரேக் போன கதை தெரியுமா உனக்கு?”

“தெரியாதுண்ணே.”

“உன் வீட்டம்மா நாப்பது தடவை கேட்டிருக்கா. வந்து நின்னதும், ‘அண்ணே, அந்த மலை?’ம்பா. அவ்வளவுதான் வரும் வாயில. நான் ஆரம்பிச்சா வண்டி அடிவாரம் வந்து நிக்கிற வரைக்கும் கேப்பா. இந்த வீட்டுல என் பெண்டாட்டியே முதல் வளைவுல எந்திரிச்சுப் போயிடுவா.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கடைசியில ஒரு நாள் கதையை நீட்டிச் சொல்லுங்கண்ணேன்னா. பன்னெண்டு வளைவை இருபதாக்கிச் சொன்னேன்யா.”

மாஸ்டர் அடுத்த படிக்கட்டில் பாதியில் நின்றார். மூச்சு வாங்கவில்லை. அவருக்கு மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் மாடி நர்ஸ் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தாள். துணியை வாங்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“நான் அவங்ககிட்ட நாலு தடவை சொன்னேன், மாஸ்டர். எந்த டாக்டர், எந்த வாசல்னு சீட்டுகூட எழுதிக் குடுத்தேன். ரெண்டு தடவை.”

“என்கிட்ட சொல்லலியே.”

“சொல்லச் சொன்னேன். ‘எங்க வீட்டுக்காரரு ஆவி குடுக்கிறாரு சிஸ்டர், அதுல எனக்குச் சரியாயிடுது’ன்னாங்க. ஆவியில இல்லன்னு அவங்களுக்கும் தெரியும். ‘அவரு அவ்வளவு ஆசையா குடுக்கிறாரு’ன்னாங்க.”

மாஸ்டர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது.

நான்காம் மாடியில் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி. அந்தப் பெண்தான் அன்றைக்கு அலறியவள். யாரோடும் அதிகம் பேசாதவள். கதவை ஒரு சாண் திறந்து துணியை வாங்குகிறவள். கேள்வி கேட்டு நிற்க அங்கே வழி இல்லை. அவள் இன்று கதவை முழுக்கத் திறந்தாள்.

“இங்க அவங்க பட்டன் எண்ணுவாங்க,” என்றாள் மெதுவாக.

“பட்டனா?”

“சட்டையைக் குடுக்கிறதுக்கு முன்னால ஒவ்வொரு பட்டனா விரலை வச்சு எண்ணுவாங்க. எல்லாச் சட்டையிலயும். நான் நிப்பேன். ரொம்பக் கவனமான ஆளுன்னு நினைப்பேன். எண்ணி முடிச்சதும் சில நாள் மறுபடி முதல்லேருந்து எண்ணுவாங்க.” அவள் திருப்பத்துச் சுவரைப் பார்த்தாள், பார்வையை எடுத்துக்கொண்டாள். “அன்னைக்குக் கோட்டுல மூணு பட்டன்தான் இருந்துச்சு.”

ஐந்தாம் மாடியில் செயலாளர் மாஸ்டரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அது ஒரு மரியாதை. தண்ணீர் கொடுத்தார். பிறகு மேசையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

“இரங்கல் கூட்டம் போட்டோம். ரெண்டு நிமிச மௌனம்.” அந்த இரண்டு நிமிடத்தில் ஒன்றரையாவது நிமிடத்தில் இருமியது அவர்தான் என்பது குறிப்பேட்டில் இல்லை. “தீர்மானம் ஒண்ணும் நிறைவேத்தியிருக்கோம். அம்மையாரின் நினைவைப் போற்றும் வகையில், இன்று முதல் இஸ்திரி நிலையத்தார் லிப்டைத் தடையின்றிப் பயன்படுத்தலாம். நோட்டீஸ் ஒட்டியாச்சு.”

“சரிங்க.”

“எங்க மேல தப்பு இல்லங்கிறதுக்காக இதையும் காட்டிடறேன்.” முந்தைய பக்கங்களைப் புரட்டினார். வாசித்தார். “மூன்றாம் மாடி உறுப்பினர், இஸ்திரிக்கார அம்மையாருக்கு லிப்ட் அனுமதி கோரினார். மாஸ்டர் அவர்களே முன்வந்து, தேவையில்லை என்று மறுத்தார். பலத்த கைதட்டல்.” விரலால் தட்டிக் காட்டினார். “பாருங்க. பலத்த கைதட்டல்னே எழுதியிருக்கேன்.”

மாஸ்டர் பார்த்தார். வார்த்தைகளின்மேல் வட்டமாக முத்திரை விழுந்திருந்தது.

“கோட்டு,” என்றார் அவர். “அன்னைக்குக் கோட்டு சூடா வந்துச்சுங்களா?”

செயலாளர் குறிப்பேட்டை மூடினார். “வேற கோட்டு போட்டுக்கிட்டேன்,” என்றார். “நேரமாயிடுச்சில்ல.”

லிப்ட் கதவு ஐந்தாம் மாடியில் திறந்தே நின்றது. நோட்டீஸ் புத்தம் புதிதாக இருந்தது. மாஸ்டர் அதைத் தாண்டிப் போனார். படியில் இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். நான்காம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த அழுக்குச் சட்டை ஒன்றை எடுத்து மடியில் விரித்து, விரலை வைத்து எண்ணினார். ஏழு பட்டன். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நான்காம் மாடிக் கதவு ஒரு சாண் திறந்து, மூடிக்கொண்டது.

சாயங்காலம் மகள் வந்தபோது வாசல் பலகையைக் கழற்றித் திருப்பி வைத்திருந்தார். அவள் அதைப் பார்த்தாள். இரண்டு முட்டையை அடுப்பில் வைத்தாள். வெந்துவிட்டதா என்று அவர் பக்கம் திரும்பினாள். எத்தனை சட்டை என்று அவர் சொல்லவில்லை. முட்டை கல்லாகிவிட்டது. இருவரும் அதையே தின்றார்கள்.

“இனிமே அந்தப் படியிலதான்மா போவேன்,” என்றார் மாஸ்டர் சாப்பிட்டு முடித்து. “அவ ஏறின மாதிரியே. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு. லிப்டுல காலை வைக்க மாட்டேன். என் உசிரு இருக்கிற வரைக்கும்.”

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “போய்ப் படுங்கப்பா,” என்றாள்.

மறுநாள் காலை பனி கொட்டியது. மாஸ்டருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. துணி ஐந்து மூட்டை இருந்தது. எல்லாவற்றையும் லிப்டில்தான் கொண்டுபோனார். முதல் மாடிக்குக்கூட.